கூத்துக் களரியும் பள்ளிக்கூடமும்

கல்வி வரலாறு பயின்றோருக்கு வட்டுக்கோட்டை என்றவுடன் நினைவுக்கு வருவது, அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய செமினரியேயாகும். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அங்குப் பயின்றவர். 1855இல் அச்செமினரி மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இவையெல்லாம் நூல்களில் உள்ள செய்திகள்.

அதே ஊரிலே இன்னொரு கலாசாலையும் இருந்து வந்திருக்கிறது. அதற்குக் கட்டடமில்லை, வரவுப் பதிவேடில்லை. பகல் முழுதும் வயலிலும் பனங்கூடலிலும் பாடுபட்டவர்கள் இரவிலே ஒரு முற்றத்திற் கூடுவார்கள். அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுப்பார், மத்தளம் முழங்கும், பாரதக் கதை ஆட்டமாக உருவெடுக்கும். இதுவே வட்டுக்கோட்டையின் வடமோடிக் கூத்து. உடலுழைப்பால் வாழ்ந்த எளிய குடும்பங்களே இதனைப் பெரிதும் பேணி வந்தன. ஏடு திறந்து வாசிக்க வாய்ப்பில்லாதவர்கூட எத்தனையோ பாட்டுக்களைக் காதாற் கேட்டே நெஞ்சில் நிறுத்தினர். களரியோரத்திலே தாயின் மடியிற் கண்ணயர்ந்த குழந்தைக்கு, அரிச்சுவடியைத் தொடுமுன்னரே தாளம் தெரிந்துவிடும்.

இவ்விரண்டு கலாசாலைகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று கண்டும் காணாதனபோல் இருந்தன. கூத்தாடியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் படியேறியதே காலந்தாழ்த்தித்தான். ஏறியபோதும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் அவர்களுக்கு வாங்கு கிடைக்கவில்லை, தரையே கிடைத்தது. 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சம ஆசனத்திற்காக நடந்த போராட்டத்தையும், அதனைப் பொறாதார் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டதையும் முதிய நேயர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அந்நாளில் சமத்துவத்துக்காகக் குரல் கொடுத்த வாலிப காங்கிரசின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர் என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது.

பின்னர் 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, வாங்கும் கிடைத்தது. ஆயினும் ஏழைப் பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டும் ஆட்டமும் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. எழுத்தும் எண்ணும் உள்ளே வந்தன, மத்தளம் வரவில்லை.

நம் நாட்டில் கலை யாருக்குக் கிடைக்கிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாலையிலே பாட்டு வாத்தியார் வருகிறார், வீணை வாங்கப்படுகிறது, பரத நாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம் பேசப்படுகிறது. அப்பிள்ளையின் பாடசாலையிற் சங்கீத பாடமே இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ பாடசாலையை விட்டால் வேறு இடமில்லை. ஆகவே கலைப் பாடங்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியன, ஏழைப் பிள்ளைக்குக் கணக்கும் வாசிப்பும் போதும் என்று சொல்வது தலைகீழான நியாயம்.

அமெரிக்காவிலே 1991இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசாங்கப் பணத்தில், கட்டணமின்றி, ஆனால் தமக்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுத்து நடத்தத்தக்க பாடசாலைகளுக்கு அது வழிசெய்தது. சாசனப் பாடசாலைகள் என அவற்றைக் கூறலாம். பின்னர் வேறு பல மாநிலங்களிலும் பரவிய இவ்வகைப் பாடசாலைகளுட் சில, வறிய குடும்பத்துச் சிறுவர்களுக்குச் சித்திரம், இசை, நடனம், நாடகம் ஆகியவற்றையே நடுவாக வைத்து ஏனைய பாடங்களைக் கற்பிக்கின்றன. நமக்கு அத்தகைய புதுச் சட்டம் வேண்டியதில்லை. நம் அரசாங்கப் பாடசாலை ஏற்கெனவே இலவசமானது. வேண்டுவது நேரசூசியில் ஓர் இடமும், அவ்விடத்தை நிரப்பத் தக்க ஆளுமே.

கலையை நடுவில் வைத்தல் என்றால் என்ன? வருடாந்தப் பரிசளிப்பு விழாவுக்கு மூன்று கிழமைகள் முன்னதாக ஒரு நடனத்தை அவசரமாகப் பழக்குவதன்று. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை உண்டு. அதனை இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் கைதட்டிப் பிரித்த பிள்ளைக்குப் பெருக்கலும் பின்னமும் அச்சந்தருவன அல்ல. கடகமும் நீத்துப்பெட்டியும் இழைக்கும் தாயின் கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, சாயமிட்ட ஓலையை எத்தனைக்கொன்றாக எடுக்கவேண்டும் என்பதை அறியும். கணித ஆசிரியர் கோலம் என்றும் சமச்சீர் என்றும் கரும்பலகையில் எழுதுவது அதைத்தானே! களிமண்ணுக்கும் குருத்தோலைக்கும் செலவு என்ன? சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தபோது, பார்த்துப் பிரதி செய்யும் பழக்கத்துக்கு அப்பாலும் சித்திரக் கல்வி உண்டு என்பது இங்கு உணரப்படலாயிற்று.

இதற்குத் தடையாய் நிற்பது தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சை. வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு ஏற்றிவிடும் ஏணியாக ஏற்பட்ட அப்பரீட்சை, இன்று அதே பிள்ளையின் பாட்டுப் பாடவேளையை விழுங்கிவிடுகிறது. பெற்றோரைக் குறை கூறுவது எளிது; நியாயமன்று. வெட்டுப்புள்ளியை எண்ணித் தூக்கமிழக்கும் தாய்க்கு, தன் பிள்ளை வெயிலில் நின்று வேலை செய்யாதிருக்க வேண்டுமென்ற ஒரே கவலைதான் உண்டு. அவளுக்கு விடை கூறவேண்டியது வகுப்பறை. ஆட்டத்தின் வழியாகக் கணக்கும் தெளிகின்றது என்பதை அவள் கண்ணாரக் கண்டால் ஒத்துக்கொள்வாள்; சொற்பொழிவினால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இரண்டாவது தடை ஆசிரியரைப் பற்றியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றிய பின்னர், படித்தவர்கள் கூத்தை ஏளனமாகப் பார்ப்பது குறைந்தது. பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளும் நடக்கலாயின. இன்று நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமுமாகும். ஆனால் அண்ணாவியாருக்கு எந்த நியமனமும் இல்லை. அவரிடம் சான்றிதழ் இல்லையே! கூத்தைப் பற்றி வினாத்தாளில் விடை எழுதும் மாணவன் கூத்தாடுபவரை வகுப்பறையிற் காண்பதில்லை.

சுற்றறிக்கை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வட்டுக்கோட்டை போன்ற ஓர் ஊரில், ஆரம்பப் பாடசாலையின் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடித் தீர்மானித்தால், கிழமையில் இரண்டு பாடவேளைகளுக்கு ஊர் அண்ணாவியாரை அழைக்கலாம். வகுப்பாசிரியர் அருகிலிருந்து தாளக்கட்டைக் கணக்குக்கும், பாட்டின் சொற்களைத் தமிழ்ப் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஊதியம் சிறிதாயினும் கையொப்பம் வாங்கி, ஆசிரியருக்குரிய முறையிற் கொடுத்தல் வேண்டும். சந்தோஷமாகக் கொடுப்பதுபோற் கையில் வைத்து அழுத்துதல் கூடாது. அவருடைய பெற்றோர் தரையிலிருந்து படித்தவர்களாயிருக்கலாம், படிக்காமலே திரும்பியவர்களாயுமிருக்கலாம். அவர் வரும் முதல் நாளில் அதிபரின் அறையிலே அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கட்டும்.