தொட்டிக்குள் இருக்கும் காற்று



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கும் நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தக் கூலிகளாகச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவரிடம் என்றேனும் ஒருநாள் "கழிவுத் தொட்டிக்குள் இறங்கு" என்று சொல்லப்படலாம். எவரிடம் அதைச் சொல்வார்கள் என்பது நம் மக்களுக்கு விளக்க வேண்டியதன்று. தக்க பாதுகாப்புக் கருவிகளின்றி அவ்வாறு இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் அறிந்தால் மட்டும் போதாது, உள்ளே உடலுக்கு நேர்வது யாது என்பதையும் அறிய வேண்டும் என்று கருதியே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

உடலின் வேலைகளுள் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்கள். புரதம் நீண்ட சங்கிலி போன்றது. மடிந்து மடிந்து தனக்குரிய உருவம் பெறுவது. அச்சங்கிலி எவ்வெவ்வாறு மடியக்கூடும் என்று காட்டும் வரைபடம் 1963-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஜி. என். இராமச்சந்திரன் பெயரால் உலகெங்கும் இன்றும் அது வழங்குகிறது. மடிப்புகளுக்கிடையே குழிகள் உண்டு. அவற்றில் பொருந்தும் சிறு மூலக்கூறு, புரதத்தின் வேலையைத் தூண்டலாம், முடக்கவும் செய்யலாம். மருந்துகளுள் பல இவ்வழியே பயன் தருகின்றன. நஞ்சுகளுள் பலவும் இவ்வழியே கொல்கின்றன.

தேங்கிய கழிவில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. மூன்றே அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கும். நம் செல்களில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் புரதமோ, 13 சங்கிலிகள் சேர்ந்த பெரும் அமைப்பு. அதனுள்ளே இரும்பும் தாமிரமும் அருகருகே அமைந்த ஓரிடத்தில்தான், நாம் இழுக்கும் மூச்சின் ஆக்சிஜனில் பெரும்பகுதி செலவாகிறது. அவ்விடத்தைச் சல்பைடு பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த இயலாது. செறிவு மிகுந்தால் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான்.

அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்பர். நம்பலாகாது. 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவுக்கு இவ்வாயு ஏறினால், மூக்கு விரைவில் அந்நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். முகத்தில் கட்டிய ஈரத்துண்டும் காவாது. விழுந்தவரைத் தூக்கப் பின்னே குதித்தவரும் அங்கேயே மடிவது இதனால்தான்.

எனினும் இப்பிணைப்பு நிலையானதன்று. தூய காற்றுக் கிடைத்தால் உடல் சல்பைடைச் சிறிது சிறிதாக மாற்றி வெளியேற்றும். விரைந்து மீட்கப்பட்டவர் பிழைப்பதுண்டு. ஆகவே எவர் விழுந்தாலும், உடன்பிறந்தவரேயாயினும், வெறும் மூச்சோடு உள்ளே இறங்காதீர். சுவாசக் கருவியுடன் வரும் தீயணைப்புத் துறையினரை 101-இல் அழையுங்கள். இடுப்பில் முன்பே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துத் திறந்தவெளியில் கிடத்துங்கள். மருத்துவமனையில் முதற்சொல்லாகத் "தொட்டி வாயு" என்று கூறுங்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்க அது உதவும்.