எழுபத்தெட்டாம் பாகையில் ஒரு கோடு

2008 மே மாதம் லண்டனில் ஒரு குழு ஏடன் வளைகுடாவைத் தன் அபாயப் பட்டியலில் சேர்த்தது. கூட்டுப் போர்க் குழு என்று பெயர். பெயரில்தான் போர், உட்கார்ந்திருந்தவர்கள் லாயிட்ஸ் சந்தையின் காப்பீட்டுக்காரர்கள். பட்டியலில் ஏறிய கடலுக்குள் நுழையும் கப்பல் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். சோமாலியக் கடற்கொள்ளையர் பற்றிய 1816-ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது அதற்கடுத்த மாதம்தான்.

பிறகு போர்க்கப்பல்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, அமெரிக்கா, இந்தியா, சீனா, ரஷ்யா என்று ஒருவரையொருவர் நம்பாதவர்களெல்லாம் பஹ்ரைனில் கூடி ரோந்து பற்றிப் பேசினார்கள். கப்பல் முதலாளிகளின் ஆட்களுக்கும் அங்கே இடமிருந்தது. இந்தக் கொள்ளையைச் சமாளிக்க 2009 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிய நாடுகளின் தொடர்புக் குழுவுக்குச் சாசனமும் இருக்கவில்லை, செயலகமும் இருக்கவில்லை. கொள்ளையர் துரத்தினால் கேப்டன் துபாயிலிருந்த பிரிட்டிஷ் கடற்படை அலுவலகத்தைக் கூப்பிடுவார்; கோலாலம்பூரில் சர்வதேச வணிகச் சபை நடத்தும் மையத்துக்கும் செய்தி போகும்.

கப்பலில் இருந்தவர்களுக்கு அன்றாடம் உதவியது ஒரு சிறு கையேடு. கப்பல் துறைச் சங்கங்கள் போட்டது. விளிம்பைச் சுற்றிச் சவரத்தகட்டுக் கம்பிச் சுருள், பக்கவாட்டில் பீய்ச்சியடிக்கும் தீயணைப்புக் குழாய்கள், ஆள் நிற்பதுபோல் பொம்மைகள், மாலுமிகள் புகுந்து தாழிட்டுக்கொள்ள ஓர் அறை. 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதில்லை என்ற கணக்கும் அதில் உண்டு. சட்டமில்லை, பரிந்துரைதான். ஆனால் காப்பீட்டுக்காரர் கேட்கும்போது பரிந்துரையை யார் தட்ட முடியும்? 2011-இல் 237 ஆக இருந்த சோமாலியத் தாக்குதல்கள் 2013-இல் 15-க்கு இறங்கின. இந்த ஏற்பாடு பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கு விலை கொடுத்தது வேறு ஆட்கள். 2010-இல் அந்தக் கையேடு வகுத்த ‘உயர் அபாயப் பகுதி’யின் கிழக்கு எல்லை 78 பாகைத் தீர்க்கரேகை வரை இழுக்கப்பட்டது. வரைபடத்தை விரித்தால் அந்தக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. கேரளக் கடல் முழுவதும், கன்னியாகுமரிக் கடலும் அதற்குள். அங்கே போகும் கப்பல்கள் துப்பாக்கிக் காவலோடு போயின. மீன்பிடிப் படகு நெருங்கினாலே சந்தேகம்.

2012 பிப்ரவரி 15 அன்று எண்ணெய்க் கப்பல் ‘என்ரிகா லெக்சி’யிலிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் ‘செயின்ட் ஆண்டனி’ படகை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்கள் அரசின் சிப்பாய்கள், கப்பல் தனியாருடையது, காவல் செலவு கப்பல் முதலாளிகளுடையது. சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-இல் வீரர்களுக்கு விலக்குரிமை உண்டென்றது. இத்தாலி கொடுத்த 10 கோடி ரூபாயோடு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் வழக்கை முடித்துவைத்தது.

தனியார் காவலர்களுக்கு வேறு தலைவலி. பல துறைமுகங்களில் ஆயுதத்தோடு இறங்க விடமாட்டார்கள். ஆகவே நடுக்கடலில் மிதக்கும் ஆயுதக் கிடங்குகள் முளைத்தன. அமெரிக்க நிறுவனமொன்றின் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ சியரா லியோன் கொடியோடு வந்து 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் கடலோரக் காவல் படையிடம் மாட்டியது. கப்பலில் 35 துப்பாக்கிகள், 35 ஆட்கள்: எஸ்தோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைனியர் 3. உள்ளூர்ப் படகொன்றிலிருந்து கள்ளத்தனமாக டீசல் வாங்கியதும் வழக்கில் சேர்ந்தது.

இதற்கிடையே இந்தியா விடாமல் முறையிட்டதன் பேரில் 2015 டிசம்பரில் அந்தக் கோடு 65 பாகைக்குப் பின்வாங்கியது. அடுத்த மாதமே தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு எல்லோரையும் விடுவித்தது.