முயலை விரட்டிய நாய்



ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அங்கே வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றதாம். தேடிப்போன அவன் சகோதரன் வில்லி காட்டைத் திருத்தி ஊராக்கினான் என்கிறது தலபுராணம்.

அந்த மலையடிவாரத்துத் தரிசுகளில் நாயைக் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போவது ஒரு காலத்தில் சாதாரணம். பொழுதுபோக்குக்காகப் போகவில்லை, வீட்டு அடுப்புக்காகப் போனார்கள். முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மிளகைத் தூக்கலாக அரைத்து வைத்தால்தான் குழம்பு ருசிக்கும். குடலும் எலும்பும் நாயின் பங்கு.

அப்படிக் கூட்டிப்போன ராஜபாளையம் நாய் கண்ணால் கண்டதைத் துரத்திப் பிடிக்கிற சாதி. ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். பன்றி வேட்டைக்கும் இதே நாய்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று ஒரு முயலைப் பிடித்தாலும் குற்றம். அது சரியென்றே சொல்வேன். 2021-ல் இந்த மலை மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. வீட்டு நாய் காட்டுக்குள் போனால் டிஸ்டெம்பர் போன்ற நோயும் கூடவே போகும்.

வேட்டை போனது, நாய் நிலைத்தது. 2005-ல் அதற்குத் தபால்தலைகூட வந்தது. ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறோம்? பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த வெள்ளையோடு சேர்ந்து வருவதுதான் பிறவிச் செவிடு. வேட்டைக்காரன் ஒரு சீழ்க்கை அடித்தால் புதருக்கு அப்பாலிருந்து திரும்பி வர வேண்டும். காது கேளாத நாயை அவன் குட்டிக்கு விட்டிருப்பானா? காடு செய்த கழிப்பை இப்போது நாம்தான் செய்ய வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று விசாரியுங்கள். ஆறு வாரம் தாண்டிய குட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, அதன் பார்வைக்குப் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கருவி வைத்துத்தான் கண்டறிய முடியும். குறையுள்ள குட்டியை அன்பாக வளருங்கள், இணை மட்டும் சேர்க்காதீர்கள். நல்ல குட்டியையும் சங்கிலியில் கட்டியே வைக்காதீர்கள். வேலி போட்ட தோட்டத்தில் தினமும் அவிழ்த்துவிட்டு ஓடவிடுங்கள்.