எந்த மூக்கு ஒழுகுதுன்னு பாருங்க



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. சேமிப்பு, கடன் பற்றி மற்றவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் என் சின்னப் பொண்ணோட மூக்குச்சளி பற்றித்தான் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

அவளுக்கு அப்போ மூணு வயசு. மார்கழியில் ஒழுக ஆரம்பிச்ச மூக்கு, மாசி பொறந்தும் நிக்கலை. மாமியார் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி முகர வச்சாங்க. கற்பூரவல்லிச் சாறு கொடுத்தோம். மெடிக்கல்ல கேட்டு சிரப் வாங்கினேன். ஒரு கிளினிக்கில் ரெண்டு தடவை மருந்து எழுதிக் கொடுத்தாங்க. குடிக்கிற வரைக்கும் கொஞ்சம் குறையும், நிறுத்தினா திரும்ப வந்துடும். 1,800 ரூபாய்க்கு மேல செலவாச்சு.

அதுபோக அவகிட்ட ஒரு நாத்தம். பல்லு சரியா விளக்கலைன்னு நினைச்சேன். அங்கன்வாடியில் பிள்ளைங்க அவ பக்கத்துல உட்கார மாட்டேன்னுச்சுங்க. ஒரு நாள் கோபத்துல "ஒழுங்கா மூக்கைச் சிந்துடி"ன்னு முதுகுல ஒரு அடி வச்சிட்டேன்.

அந்த வாரம் குழுக் கூட்டத்துக்கு அவளையும் தூக்கிட்டுப் போனேன். தீர்மான நோட்டுல நான் கையெழுத்துப் போடும்போது, எங்க குழுவுல மூத்த அக்கா அவ முகத்தையே பார்த்துட்டு, "ஏம்மா, வலது மூக்கு மட்டும்தானே ஒழுகுது? இடது மூக்கு காஞ்சு கிடக்குதே"ன்னு கேட்டாங்க. ரெண்டு மாசமா அந்த மூக்கைத் துடைச்ச எனக்கு அது கண்ணுல படலை. "சளின்னா ரெண்டு பக்கமும் ஒழுகும். இவ உள்ளே எதையோ திணிச்சிருக்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

மறுநாள் காலையிலேயே போனோம். காது மூக்கு தொண்டை டாக்டர் அவளை என் மடியில் உட்கார வச்சு, கையையும் தலையையும் பிடிச்சுக்கச் சொன்னாங்க. லைட் அடிச்சுப் பார்த்து, மெல்லிசான கொக்கி ஒண்ணை விட்டு இழுத்தாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகலை. கருப்பா ஒரு ஸ்பான்ஜ் துண்டு வந்தது. கிழிஞ்ச தலையணையிலிருந்து பிச்சது. அந்த நாத்தம் ரூம் முழுக்க அடிச்சது. எனக்குச் செலவு பஸ் காசு மட்டும்தான்.

வரும்போது, "ஏன் பாப்பா அம்மாகிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன். "நீ அடிப்பே"ன்னா. அதுக்கு எனக்குப் பதில் இல்லை.

டாக்டரும் கிராம சுகாதார செவிலியரும் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

சின்னப் பிள்ளைங்களுக்கு வருஷத்துல 6, 8 தடவை சளி பிடிக்கிறது சகஜம். ரெண்டு மூக்கும் ஒழுகும். முதல்ல தண்ணியா இருக்கும், அப்புறம் கெட்டியாகி மஞ்சளா மாறும், 10 நாள், 2 வாரத்துல நின்னுடும். மஞ்சளா இருக்குன்னு மட்டும் ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். மூக்குல எண்ணெய் விடாதீங்க, கற்பூரம் தேய்க்காதீங்க. அடுப்புப் புகையில பிள்ளையை வச்சுக்காதீங்க.

ஒரு மூக்கு மட்டும் ஒழுகி, நாத்தமோ ரத்தமோ இருந்தா டாக்டரைப் பாருங்க. ஹேர்பின், குச்சி விட்டு நோண்டினா பொருள் இன்னும் உள்ளே போயிடும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பட்டன் மாதிரி பேட்டரியைப் போட்டுக்கிச்சுன்னா, கொஞ்ச நேரத்துலேயே மூக்கை அரிச்சிடும். ராத்திரியா இருந்தாலும் உடனே ஓடுங்க.

சளியோட மூச்சு வாங்கினா, பிள்ளை அழாம இருக்கும்போது ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. 1 வயசுக்கு மேல 5 வயசுக்குள்ள 40 அல்லது அதுக்கு மேல போனாலும், 2 மாசத்திலிருந்து 1 வயசு வரை 50 அல்லது அதுக்கு மேல போனாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும், பால் குடிக்கலைன்னாலும் காத்திருக்காதீங்க.

குழுவுல எனக்குக் கறவை மாட்டுக் கடன் கிடைச்சது. அதை அடைச்சிட்டேன். அந்த அக்கா என் பிள்ளை முகத்தைப் பார்த்த கடனை எப்படி அடைக்கிறதுன்னு தெரியலை. அதனால கூட்டத்துக்குப் பிள்ளையோட யார் வந்தாலும், நானும் இப்ப முகத்தைப் பார்த்துதான் பேசறேன். நீங்களும் பாருங்க.