வெள்ளத்தில் நின்ற பைக்

2022 செப்டம்பர் மழையில் பெங்களூரின் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தவருக்கு அந்தச் சேதத்துக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காது.

அந்தப் பாலிசிக்கு விலை விசாரிப்பதே வீண் வேலை. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய் என்று 2022இல் அரசே நிர்ணயித்தது.

கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது சொந்தச் சேதத்துக்கான பிரீமியம்தான். பழுதுச் செலவில் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டியது 100 ரூபாய். பிரீமியம் குறையுமே என்று அதைக் கூட்டிக்கொண்டால், இண்டிகேட்டர் உடைந்தாலும் கைக்காசுதான். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைப் பிடிப்பார்கள். 'ஜீரோ டெப்' எடுத்தவர் தப்பிப்பார்.

பக்கத்து கராஜ் கேஷ்லெஸ் பட்டியலில் உண்டா? அற்பத் தள்ளுபடியைவிட இதுவே முக்கியம். எழுதிக் கொடுத்த புகாருக்குக் கம்பெனி ஒரு மாதத்துக்கு மேல் பதில் தராமல் இழுத்தடித்தால், பெங்களூரிலேயே உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம்.