சளிக்குப் பதில் ரத்தமா?



இரண்டு வாரமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், எடையும் குறைகிறது. இப்படி வருகிறவரிடம் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, "சளி எடுத்துட்டு வாங்க" என்றால் முகம் சுளிப்பார். ரத்தம் என்றால் பேசாமல் கையை நீட்டிவிடுவார். அந்தக் கூச்சம் ஒரு காலத்தில் நல்ல வியாபாரமாயிற்று. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேருக்குக் காசநோய் ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு; பெரும்பாலும் தனியார் லேப்களில்.

அந்தச் சோதனை கிருமியைத் தேடவில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடியது. வினையே அங்குதான். உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடலுக்குள் காசநோய்க் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நோயாளி ஆவதேயில்லை. ஆனால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கலாம். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ, நோய் முற்றியிருந்தும் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகாமல் போகலாம்.

விளைவு? நோயில்லாதவருக்கு 'பாசிட்டிவ்' வந்து, ஆறு மாதம் வீணாக மாத்திரை விழுங்குவார். நோயுள்ளவர் 'நெகட்டிவ்' என்ற தாளை நம்பி, வீட்டிலும் பஸ்ஸிலும் இருமிக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளை அலசிப் பார்த்து, 2011 ஜூலையில் இந்தச் சோதனைகள் வேண்டவே வேண்டாம் என்றது. காசநோய்த் துறையில் பரவலாக வழங்கிவந்த ஒன்றைக் கைவிடும்படி அது வெளிப்படையாகச் சொன்னது அதுவே முதல் முறை. கிட்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை. விற்பனையோ கட்டுப்பாடு தளர்ந்த நாடுகளைக் குறிவைத்தது. ஒரு சோதனைக்கு 30 டாலர் வரைகூட நோயாளிகள் கொடுத்தார்கள். 2012 ஜூனில் இந்தியா இவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு எல்லாவற்றையும் தடை செய்தது.

'இக்ரா' என்ற ரத்தப் பரிசோதனை இன்றும் உண்டே என்று கேட்கலாம். அது எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. கிருமியின் புரதத்தைக் கண்டதும் வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றனவா என்று பார்க்கிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தொற்று ஏறியிருக்கிறதா என்று அறிய உதவும். தொற்று உறங்குகிறதா, நோயாக எழுந்துவிட்டதா என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது சளிதான். ஜீன் எக்ஸ்பர்ட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் சளியில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடித்து, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவி பேட்டரியிலும் ஓடும் என்பதால் சிறிய ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஏற்றது.

சளி எடுப்பதிலும் பக்குவம் உண்டு. விடிந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, காற்றோட்டமான இடத்தில் ஆள் அண்டாமல் நின்று, மூச்சை இரண்டு மூன்று முறை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சிலால் டப்பாவை நிரப்பிப் பயனில்லை.

சளி துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகள் அதை விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இரைப்பை நீரை எடுத்து அதில் கிருமியைத் தேடுகிறார்கள் மருத்துவர்கள்.