மலைப்பாதையில் இருவரும் நடப்போம், ஓடுவோம்
(நாகலூர் பகுதித் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலம் என்று சொன்னதுமே கருத்தடை, பிரசவம், தடுப்பூசி இவைதான் பலருக்கு ஞாபகம் வரும். அவை முக்கியம்தான். ஆனால் குழந்தைகளைப் பெற்று ஆளாக்கும் தாயும் தகப்பனும் திடமாக இருந்தால்தான் குடும்பம் நலமாக இருக்கும். ஆகையால் இன்று நடையைப் பற்றியும் ஓட்டத்தைப் பற்றியும் பேசப்போகிறேன். நம் மலையில் எந்தப் பாதையில் போகலாம், யார் போகலாம், எவ்வளவு நேரம், எப்போது போகக் கூடாது என்பதுதான் பேச்சு.

"அதென்ன சார், பொழுது விடிஞ்சதிலிருந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குறவங்க நாங்க. எங்களுக்குப் போயி ஓட்டம் சொல்லித் தர்றீங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

யாருக்கு ஓட்டம், யாருக்கு ஓய்வு?

காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து, மூட்டை சுமந்து, சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கோ ஆணுக்கோ உடலுழைப்பு போதாது என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேண்டியது நல்ல சாப்பாடு, ஓய்வு, உடம்பில் ரத்தம். அவர்களை விடிகாலையில் எழுப்பி ஓடச் சொல்வது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆனால் நம் ஊரில் எல்லோரும் அப்படி இல்லை. ஜீப் ஓட்டுகிறவர், கடையில் உட்காருகிறவர், விடுதியில் கணக்கு எழுதுகிறவர், தையல் மெஷினில் குனிந்து இருப்பவர், வயதாகி வேலையை விட்டவர் என்று பலர் இருக்கிறார்கள். அப்பா நடந்து போன தூரத்தை மகன் மோட்டார் சைக்கிளில் போகிறார். காலுக்கு வேலை குறைந்தது, வாய்க்குக் குறையவில்லை. அதனால்தான் பட்டணத்து வியாதி என்று சொல்லப்பட்ட சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மலைக்கும் ஏறி வந்துவிட்டன.

பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், அல்லது 75 நிமிடம் ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவு இல்லாத மருந்து இது. ஆனால் ஒன்று: நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

நம் மலையே ஒரு பழைய தோட்டம்

1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. இரு நூறு ஆண்டுகளாக இங்கே மனிதன் நட்டு வளர்த்த சோலை இருக்கிறது. மேலே சில்வர் ஓக் மரமும் பலா மரமும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பி. இந்த நிழலில் நடக்கத்தான் வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்து வருகிறார்கள். நாமோ பால் வாங்கப் போகக்கூட வண்டியை எடுக்கிறோம்.

2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிப்பது அதன் நோக்கம். உங்களுக்கு அவ்வளவு தூரம்கூட வர வேண்டியதில்லை. வாசலிலேயே பாதை இருக்கிறது. அதை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, சமமான பாதை. ஏற்காட்டு ஏரிக்கரைப் பக்கமும், அதை ஒட்டிய அண்ணா பூங்காவும் இந்த வகை. கர்ப்பிணிகள், வயதானவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் நடக்கலாம். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஏற்காடு போகும் நாளில் அரை மணி இதற்கு ஒதுக்குங்கள். மற்ற நாளில் உங்கள் ஊரின் பள்ளிக்கூட மைதானமே போதும்.

இரண்டாவது, ஏற்றமும் இறக்கமும் கலந்த தார்ச்சாலை. நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் சாலை இதற்கு ஏற்றது. இங்கே தூரத்தை அளக்க வேண்டாம், கடிகாரம் போதும். 15 நிமிடம் போங்கள், திரும்புங்கள், வீட்டுக்கு வாருங்கள். போகும்போது இறக்கமாக இருந்தால் வரும்போது ஏற்றம் என்பதை மறந்துவிடாதீர்கள். பாதிப் பலத்தைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வையுங்கள்.

மூன்றாவது, ஏற்றப் பாதை. 5,326 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயில் மலையை எல்லோரும் அறிவீர்கள். மே மாதத் திருவிழாவுக்கு ஊரே ஏறுகிறது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் ஏறுவது வேறு, வாரம் ஒரு நாள் ஏறுவது வேறு. இரண்டு மாதமாவது சமதளத்தில் நடந்து பழகியவர்களுக்குத்தான் இது. போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகும் இளைஞர்களும் ஏற்றத்தில் ஓடுவதை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை ஒன்று உண்டு. அதை ஒரே மூச்சில் ஓடிக் காட்டுவது நம் வேலை இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, வாரம் ஒரு துண்டு என்று கணவனும் மனைவியும் நடந்து பார்க்கலாம்.

தோட்டத்துப் பாதைகளில் நுழையுமுன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த தோட்டத்துக்குள் போகாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

முதல் இரண்டு வாரம் நடை மட்டும். மூன்றாம் வாரம் 4 நிமிடம் நடந்து 1 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். மூச்சு பழகப் பழக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். வேகம் சரிதானா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம்.

ஏற்றம் வந்தால் குட்டையாக அடி வையுங்கள். இறக்கத்தில் குதித்து ஓடாதீர்கள். ஏற்றத்தில் இதயத்துக்கு வேலை, இறக்கத்தில் முழங்காலுக்கு வேலை. கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்கு இந்த உயரத்தில் முதலில் மூச்சு வாங்கும். "பட்டணத்துப் பொண்ணுக்கு நோஞ்சான் உடம்பு" என்று கேலி பேசாமல், பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கணவர் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு நடைக்குக் கிளம்புகிறார். மனைவி தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கிளப்பி நிற்கிறாள். அவர் நலமாகத் திரும்பி வருகிறார், இவள் களைத்துப்போய் நிற்கிறாள். இது பாதிக் குடும்ப நலம்தான்.

அந்த அம்மாவுக்கும் சர்க்கரை வரும், கொதிப்பு வரும். அவளுக்குக் கிடைக்காதது பாதை அல்ல, நேரம். ஆகவே முறை வையுங்கள். மூன்று நாள் அவள் போகட்டும், நீங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். மூன்று நாள் நீங்கள் போங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போங்கள். "பொம்பளை ரோட்டுல ஓடினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று மாமியார் கேட்டால், "நம்ம வீட்டுப் பிள்ளை படுத்துட்டா அந்த நாலு பேரா அத்தே வந்து பார்ப்பாங்க?" என்று மகன்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போகலாம்.

ரத்தம் குறைந்தால் ஓட்டம் ஓடாது

நாலு அடி ஏறினாலே படபடப்பு, தலைச்சுற்றல், கண் இமைக்குள் வெளிறிப்போதல் இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, ரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் வைத்தியம், பிறகுதான் ஓட்டம்.

நம் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடும் டீயோடும் விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், ஆரஞ்சு சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகச் சேரும். கீரை, பயறு, முட்டை, சாமை, கேழ்வரகு எல்லாம் வேண்டும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். ஆகவே நடைக்கும் தோட்டத்துக்கும் செருப்போ ஷூவோ அவசியம்.

கர்ப்பம், பிரசவம், ஆபரேஷன்

சிக்கல் இல்லாத கர்ப்பிணி சமதளத்தில் தினமும் 30 நிமிடம் நடக்கலாம். ஆனால் மூட்டை சுமப்பது வேண்டாம். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, கடுமையான தலைவலி, குழந்தை அசைவு குறைதல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முடிந்த அளவு மெதுவாக நடக்கலாம். ஓட்டம் என்றால் மூன்று மாதமாவது கழியட்டும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

காப்பர்-டி போட்டவர்கள் தாராளமாக ஓடலாம். ஓடுவதால் அது நகர்ந்துவிடாது. பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆனவர்கள் 48 மணி நேரம் கழித்து இலேசான வேலை செய்யலாம், இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

ஆண்களுக்குச் சொல்கிறேன். "வாசக்டமி செஞ்சுக்கிட்டா பலம் போயிடும், மலை ஏற முடியாது" என்ற பயம் வேண்டாம். தழும்பில்லாத நவீன வாசக்டமியில் கத்தி வெட்டு இல்லை, தையல் இல்லை. விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். தசைக்கும் எலும்புக்கும் ஆண்மைக்கும் வேண்டிய சுரப்பு எப்போதும்போல ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். 48 மணி நேரம் ஓய்வு, ஒரு வாரத்துக்குக் கனமான வேலையும் சைக்கிளும் ஓட்டமும் வேண்டாம். அதன்பின் சேர்வராயன் மலையை எப்போதும்போல ஏறலாம். மூன்று மாதம் வரை ஆணுறை உபயோகித்து, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை விட வேண்டும்.

எச்சரிக்கையாக இருங்கள்

பனி மூடிய காலையில் சாலையில் ஓடாதீர்கள். வெளுத்த பிறகு போங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். வலப்பக்கம் சென்றால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டத்தை நிறுத்தி ஓரமாக நடந்து கடங்கள். காட்டெருமை நடமாடும் பக்கம் விடியலிலும் அந்தியிலும் தவிருங்கள். எதிர்ப்பட்டால் கல் எறியாமல், முதுகு காட்டி ஓடாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். இடி மின்னலின்போது உயர்ந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டையைப் பிய்த்து எறியாமல் உப்புத் தண்ணீரால் கழற்றுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ கட்டவோ கூடாது. நடக்க விடாமல் 108-க்குச் சொல்லுங்கள்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போல வலி, இடக்கையில் அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து, 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

30 வயது ஆன ஒவ்வொருவரும் ஓட்டம் தொடங்குமுன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 140-க்கு 90, அல்லது வெறும் வயிற்றில் சர்க்கரை 126, இதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம்.

தாய்மார்களே, பெரியோர்களே! நாளைக் காலையிலேயே பெரிய ஓட்டம் ஓட வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் அவள் முறை, எந்தெந்த நாள் உங்கள் முறை என்று காலண்டரில் குறியுங்கள். முதல் முறையை அவளுக்கே கொடுங்கள்.